சிஸ்டரின் கோப்பைகள் போன வழி

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் சரக்குக்காரர் என்றுதான் சொல்வோம். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் அந்தப் பெயரைத் தப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "அரை கிடைக்குமா?" என்று கேட்டார்.

சரக்குக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அரையெல்லாம் நாங்க குடுக்கிறதில்லீங்க. குறைஞ்சது இருபது அடி," என்றார்.

வந்தவர் அடி என்றதும் போனவர்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வாசல் பக்கமே நடக்கவில்லை.

படகுத்துறைக்கும் ரயில் யார்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சரக்கனுப்பும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. வருகிற சரக்கைப் பார்த்து, அது துறைமுகத்துக்கு லாரியில் போவதா, ரயிலில் போவதா, ஆற்றில் படகில் போவதா என்று சொல்ல வேண்டும். கன்டெய்னரை அந்தத் தொழிலில் பெட்டி என்பார்கள்; சின்னதே இருபது அடி நீளம். எத்தனை பெட்டி வந்தாலும் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வழி சொல்லிவிடுவார். "டைல்ஸா? கனம் ஜாஸ்தி, அவசரம் கம்மி. தண்ணில விடு." "மருந்தா? லாரி. இன்னிக்கே கிளப்பு." "நூல் நாப்பது பெட்டியா? ரயில்ல ஏத்து, ஒரே வண்டியில போயிரும்." இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட யோசித்து நின்றதில்லை என்று அவருடைய ஆபீஸ் பியூனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். சரக்குக்காரருக்குக் கோபம் வந்தால் அவரும் பெண்டாட்டியை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். நடுச்சுவர் மெல்லியது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். நானும் என் மனைவியும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்போம்.

சிஸ்டர் வீட்டில் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி நிறைய டீக்கோப்பைகள். பல வருஷத்துக்கு முன்னால் குணமாகி வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர், நன்றிக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அடுத்த கட்டில்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் போகும்போது கொடுத்தார். அப்படியே சிஸ்டர் வேலை பார்த்த வார்டுகளிலெல்லாம் அது வழக்கமாகிவிட்டது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. சிஸ்டர் எதிலும் டீ குடித்ததில்லை. தினமும் சாயங்காலம் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்பார்கள்.

சிஸ்டருக்குத் துறைமுக ஊரில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. ஐந்நூறு கிலோமீட்டர். அடுத்த மாதம் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். சரக்குக்காரருக்கும் அந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் கிடைத்தது. கம்பெனியில் இருபது அடிப் பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். எப்படியும் காலியாகத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டி.

"சாமான் விஷயத்தை எங்கிட்ட விட்டுரு," என்றார் சரக்குக்காரர்.

"இருபத்தாறு வருஷமா இதானே பண்றீங்க," என்று சிஸ்டரும் நிம்மதியாக விட்டுவிட்டார். அப்போது மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சாப்பிட வந்தார்கள். ஒருவர் சரக்குக்காரரின் அண்ணன். டிரைலர் லாரி ஓட்டுகிறவர். இன்னொருவர் சிஸ்டரின் தம்பி. ரயில் யார்டில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி. மூன்றாவது ஆள் சரக்குக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த படகுக்காரர். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கென்றால், பள்ளிக்கூட வாத்தியார் என்றால் பஞ்சாயத்துக்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணன் கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார். "இதுல பேச என்ன இருக்கு. வாசல்ல ஏத்துறேன், வாசல்ல எறக்குறேன். நடுவுல ஒருத்தன் கை படாது. ரெண்டு நாள். மத்த எதுல அனுப்பினாலும் ரெண்டு பக்கமும் லாரி வேணும்ல? ரயிலு வீட்டு வாசலுக்கு வருமா?"

"வராதுதான்," என்றார் தம்பி. "மாமா, உங்க அண்ணன்ங்கிறதால யோசிக்காதீங்க. பாதி வழிக்கு ரோட்டைப் பேத்துப் போட்டிருக்கான். போன வாரம் ஒரு லாரியில கண்ணாடி போச்சு. எறக்கறப்போ மணல்னு நினைச்சு சல்லடை கேட்டிருக்காங்க. ரயில் அப்படியா? வழுக்கிக்கிட்டுப் போகும். ஒரே இஞ்சின், தொண்ணூறு பெட்டி. ரோட்டுல அதுக்குத் தொண்ணூறு பேர் வேணும், உங்க அண்ணன் மாதிரி."

"என்னை மாதிரி தொண்ணூறு பேர் கிடைக்க மாட்டாங்க. அது கிடக்கட்டும். வழுக்கிக்கிட்டுப் போகுமா? யார்டுல பெட்டிகளைக் கோக்குறப்போ டமார்னு ஒரு சத்தம் கேக்குமே, அது என்ன, கைதட்டா?"

"அது முன்னாடி இருந்த டிரைவர். இப்ப வேற ஆளு."

"போன வருஷம் வாஷிங் மெஷின் பெட்டி ஒண்ணு தொலைஞ்சுதே?"

"தொலையல. எழுத்துப் பிழை. வேற வண்டியில ஏறிடுச்சு."

"பதினேழு நாள் கழிச்சு வந்துச்சு. நான் முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். அது பாத்த ஊரை நான் பாத்ததில்ல."

படகுக்காரர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கி, குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். "முடிச்சிட்டீங்களா?" என்றார். "தண்ணில குலுக்கலே கிடையாது. டீ டம்ளரை விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சுக்கிட்டு ரெண்டு மதகு தாண்டியிருக்கேன். ஒரு சொட்டு சிந்தல."

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"டீக்கா?"

"சாமானுக்கு."

"ஆறு நாள். ஆத்துல தண்ணி குறைஞ்சா எட்டு. மூடுபனி வந்துதுன்னா..."

"வந்துதுன்னா?"

"நிக்க வேண்டியதுதான். ஆனா சிஸ்டர், செலவாகிற டீசலைப் பாருங்க. அறுபது பெட்டியை ஒரே படகுல—"

"அந்த டீ ஆறிப்போயிருக்கும்," என்றார் அண்ணன்.

மூன்று பேரும் சரக்குக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். லாரி என்று சொன்னால் மைத்துனர் கோபித்துக்கொள்வார். ரயில் என்றால் அண்ணன் அடுத்த நல்லது கெட்டதுக்கு வர மாட்டார். படகு என்றால் இரண்டு பேரும் ஒற்றுமையாகப் பேச்சை நிறுத்துவார்கள். சரக்குக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பரீட்சை வச்சுப் பாத்துடலாம்," என்றார்.

பரீட்சை எழுதியவை முட்டைகள். ஒரே மாதிரி மூன்று கூடை வாங்கி, அடியில் வைக்கோல் போட்டு, கூடைக்கு இரண்டு டஜன் முட்டை அடுக்கினார். மூன்று வழியிலும் மூன்று கூடை போயிற்று. துறைமுகக் கிளையில் இருக்கும் குமாஸ்தா பிரித்துப் பார்த்துப் போனில் சொல்வதாக ஏற்பாடு.

லாரிக் கூடை மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. ஏழு முட்டை உடைந்திருந்தது. மிச்சத்தில் டீசல் வாடை. ரயில் கூடை ஐந்தாம் நாள். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு முட்டை இருந்தது. கூடுதலாக இரண்டு எங்கிருந்து வந்தது என்று மைத்துனர் யார்டு முழுக்க விசாரித்தும் தெரியவில்லை. "குறைஞ்சாத்தானே குத்தம்?" என்று கேட்டுவிட்டார். படகுக் கூடை எட்டாம் நாள் வந்தது. உள்ளே வைக்கோல் மட்டும் இருந்தது.

படகுக்காரரே போன் செய்தார். "மூடுபனி, ரெண்டு நாள் நின்னுட்டோம். பசங்க ஆம்லெட் போட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன்டா, தானா ஒண்ணுகூட உடையல. எல்லாத்தையும் நாங்கதான் உடைச்சோம்."

சரக்குக்காரர் இதையெல்லாம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். முட்டையின் ஓட்டுக்கும் பீங்கானுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, வெயிலில் வைக்கோல் எப்படிச் சுருங்கும் என்று என்னிடம் வந்து கேட்டார். நான் சரித்திர வாத்தியார்.

"முட்டைக்கு வழி கிடைச்சிடுச்சு," என்றார் சிஸ்டர். "எனக்கு எப்பக் கிடைக்கும்?"

இதற்குள் வீடு முழுக்கக் கட்டி முடித்தாயிற்று. கட்டில் பிரிந்து சுவரில் சாய்ந்திருந்தது. பாத்திரமெல்லாம் சாக்குக்குள் போய்விட்டது. கோப்பைகளை மட்டும் சரக்குக்காரர் யாரையும் தொடவிடவில்லை. தானே ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, பேப்பர் திணித்து, ஒன்பது அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார். அந்த வேலைக்கே நான்கு நாள். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பிரித்த மெத்தையின் மேல் படுத்துக்கொண்டார்கள். முடிவு மட்டும் வரவில்லை. ஒரு நாள் ரோட்டில் மழை என்றார். மறுநாள் ரயில் நிறைய இன்னும் இருபது பெட்டி வேண்டும் என்றார். அதற்கு மறுநாள் ஆற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும் என்றார்.

முதல் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிஸ்டர் ஒரே ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் நிலையம் வரைக்கும் நானும் போனேன். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. சிஸ்டர் படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பினார்.

"ஒண்ணு கேக்குறேன். நான் இந்த வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க. லாரி, ரயில், படகுன்னு சுத்தி வளைக்க வேண்டாம்."

சரக்குக்காரர் சூட்கேஸை வாங்கிப் படியில் ஏற்றி வைத்தார். பிறகு, "ஆத்து மட்டம் நாளைக்குத் தெரிஞ்சிடும்," என்றார்.

"சரிங்க சார்," என்றார் சிஸ்டர். எப்போதும் "ஏங்க" என்று கூப்பிடும் புருஷனை அவர் சார் என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். பஸ் போய்விட்டது.

திரும்பி நடக்கும்போது எனக்கே கோபம் வந்துவிட்டது. "ஏங்க, அவங்க கேட்டதுக்கு இதுவா பதில்? தினம் ஆயிரம் பெட்டிக்கு வழி சொல்ற ஆளு நீங்க."

அவர் கொஞ்ச தூரம் வேகமாக நடந்தார். பழக்கடைக்காரன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். "வாத்தியாரே, எங்க தொழில்ல உடையுற சாமானுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த வழியில போனாலும் நூத்துக்கு ரெண்டு உடையும். ரெண்டுக்குள்ள இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். ரொம்ப நல்லபடியாப் போச்சுன்னு அர்த்தம்."

"சரி."

"இருநூத்துப் பன்னெண்டுக்கு நாலு. நல்லபடியாப் போனாலே நாலு போயிடும். எந்த நாலுன்னு சொல்லுங்க."

நான் பழக்கடைத் தராசைப் பார்த்தேன்.

"நானும் மூணு வாரமாப் பாக்குறேன். நாலைத் தனியா எடுத்து வைக்க முடியல. ஒவ்வொண்ணையும் சுத்துறப்போ இது போகட்டும்னு நினைப்பேன். அப்புறம் மனசு வராது. அவ இத்தனை வருஷம் நின்ன கால்வலி பூராவும் அதுக்குள்ளதான் இருக்கு. அவ வேலை எனக்குப் பிடிக்கலையாம்."

"இதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அந்த நேரத்துல ஆத்து மட்டம்தான் வாயில வந்துச்சு," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்துவிட்டார். லாரியும் இல்லை, ரயிலும் இல்லை, படகும் இல்லை, மூன்றும். வீட்டிலிருந்து யார்டு வரைக்கும் அண்ணன். யார்டிலிருந்து பாதி வழியில் இருக்கும் படகுத்துறை வரைக்கும் ரயில். அந்தப் பாதியில்தான் ரோடு மோசம். அங்கிருந்து துறைமுகம் வரைக்கும் படகு. அந்தப் பக்கம் ஆற்றில் மூடுபனி கிடையாது. துறைமுகத்திலிருந்து வீட்டு வாசலுக்கு மறுபடியும் அண்ணன். மூன்று பேருக்கும் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும், "உன் பங்குலதான் எனக்கு நம்பிக்கை," என்று தனித்தனியாகச் சொன்னார்.

அந்தப் பெட்டி போன மாதிரி கல்யாணப் பெண்கூடப் போயிருக்காது. யார்டு பன்னிரண்டு கிலோமீட்டர். அண்ணன் அதை ஒன்றரை மணி நேரம் ஓட்டினார். சைக்கிளில் போன ஒரு தாத்தா முந்திப் போய்விட்டு, வண்டி ரிப்பேரா என்று திரும்பிவந்து விசாரித்தார். யார்டில் மைத்துனர் பெட்டிக்குப் பக்கத்திலேயே பச்சைக் கொடியோடு நடந்து, "மெதுவா, மெதுவா, உள்ள ஒரு வார்டே இருக்கு," என்று இஞ்சின் டிரைவரிடம் சொல்லிக்கொண்டு போனார். டமார் சத்தம் அன்றைக்கு டொக் என்றுதான் கேட்டது. படகுக்காரர் அதை அடி வரிசையில் நட்டநடுவில், ஆட்டம் குறைந்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, காலையும் மாலையும் போன் செய்தார். "நல்லாத் தூங்குதுடா," என்பார்.

எனக்குப் பரீட்சை லீவு ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் எனக்குப் போன் செய்து, "வாத்தியார் சார், அவரோட நீங்களும் வாங்க. தனியா விட்டா பாதி வழியில இறங்கிடுவாரு," என்றார். அவர் சொன்னது சரிதான். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினதும் சரக்குக்காரர் எழுந்து பெல்லைப் பிடித்து இழுத்துவிட்டார். கண்டக்டரும் நானும் சேர்ந்து உட்கார வைத்தோம்.

சிஸ்டருக்குக் கொடுத்த வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாம் மாடியில். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு ஸ்டவ். அதை வைத்துக்கொண்டு பத்து நாள் ஓட்டியிருந்தார். கதவைத் திறந்து, "வாங்க வாத்தியார் சார்," என்று என்னை வரவேற்றார். அவரைப் பார்த்து, "நீங்களும் வாங்க சார்," என்றார். சரக்குக்காரர் செருப்பைக் கழற்றவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணனின் டிரைலர் வாசலில் வந்து நின்றது. சிஸ்டர் டியூட்டிக்குப் போயிருந்தார். பெட்டியின் கதவைத் திறந்ததும் சரக்குக்காரர் முதலில் கோப்பை அட்டைப்பெட்டிகளைத்தான் இறக்கச் சொன்னார். வாசலிலேயே ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்பதிலும் ஒரு கீறல்கூட இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் முழுசு. அண்ணன் தன் லாரியின் டயரைத் தட்டிக் கொடுத்தார். சரக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நூத்துக்கு ரெண்டுன்னு எவன் சொன்னான்," என்றார்.

சாமான் தூக்க வந்த இரண்டு ஆட்கள் அட்டைப்பெட்டிகளில் கை வைக்கப் போனார்கள். "அதைத் தொடாதீங்க. பீரோவைத் தூக்குங்க. இதை நான் கொண்டு போறேன்," என்று முதல் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார். பின்னாலேயே நான் போனேன். முதல் மாடி தாண்டினார். இரண்டாம் மாடிக்கு நான்கு படி இருந்தது. அட்டைப்பெட்டி கண்ணை மறைத்ததில் படி முடிந்துவிட்டதாக நினைத்துக் காலை நீட்டி, அடுத்த படியில் தடுக்கினார்.

நான் அவரைப் பிடித்தேன். அட்டைப்பெட்டியை யாரும் பிடிக்கவில்லை. அது ஒவ்வொரு படியாக, நின்று நிதானமாக, முதல் மாடி வரைக்கும் போயிற்று.

சத்தம் கேட்டு அண்ணன் மேலே ஏறி வந்தார். பார்த்தார். "ஐந்நூறு கிலோமீட்டர்," என்றார்.

சிஸ்டர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தபோது சரக்குக்காரர் அதே படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐந்து கோப்பை முழுசாகவும், பத்தொன்பது சில்லாகவும் பேப்பரில் வரிசையாக வைத்திருந்தார். சிஸ்டர் வெள்ளை யூனிபார்மை இழுத்துவிட்டுக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"லாரியா?" என்றார்.

"இல்ல."

"ரயிலா? படகா?"

"நடந்து வந்துச்சு," என்றார் சரக்குக்காரர், தலையைத் தூக்காமல். "நான்தான்."

சிஸ்டர் ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நீலத்தில் ஒரு மீனின் வால் மட்டும் இருந்தது. "இது யார் குடுத்தது? எனக்கு ஞாபகமே இல்ல."

"குடல்வால் ஆபரேஷன். தையல்கடைக்காரர். தையல் பிரிக்கிறப்போ நீ போட்டது சரியில்லன்னு உன்னோட சண்டை போட்டாரே."

"இது?"

"இரட்டைக் குழந்தை. ரெண்டாவது அழலன்னு நீ அன்னிக்கு வீட்டுக்கே வரல. அப்புறம் அழுதுச்சு."

"இந்தச் சிவப்பு?"

"கால் முறிஞ்ச போஸ்ட்மேன். கட்டு பிரிச்ச அன்னிக்கே ஆஸ்பத்திரி பூரா நடந்து எல்லார் தபாலையும் குடுத்தவரு."

சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தக் கட்டில், என்ன நோய், யார் அழுதது, யார் திட்டியது. பத்தொன்பதுக்கும் சொன்னார். கடைசிச் சில்லைக் கீழே வைத்துவிட்டு சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னே. டீ குடிக்கிறப்போ."

"நீங்க கேக்குறீங்கன்னே நான் நினைக்கல. பேப்பர்ல சரக்கு விலை படிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"அதையும் படிப்பேன்," என்றார் சரக்குக்காரர்.

கீழே அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தது மாடிப்படி முழுக்கக் கேட்டது. மைத்துனரும் படகுக்காரரும் தங்கள் பங்கில் ஏதாவது உடைந்ததா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "உன்னுதும் இல்லப்பா, என்னுதும் இல்ல," என்றார் அண்ணன். "உங்க மாமா. ஆமா, கையில. நாலு படி. எனக்குத் தெரியும், நானும் அதேதான் சொல்றேன்." அந்த மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிஸ்டர் எழுந்து யூனிபார்மைத் தட்டிவிட்டார். "நீங்க எந்திரிக்காதீங்க. ஏங்க, அங்கேயே உக்காருங்க. வாத்தியார் சார், ஒரு கை குடுங்க."

மிச்சம் இருந்த எட்டு அட்டைப்பெட்டிகளையும் சிஸ்டரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். சரக்குக்காரர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "இடது பக்கம், இடது பக்கம், இப்ப ஒரு படி இருக்கு," என்று எட்டுத் தடவையும் வழி சொன்னார். எட்டுத் தடவையும் சரியாகத்தான் சொன்னார்.